கண்ணாடியும் நூற்கண்டும்

கொடுப்பவர் கை மேலே, பெறுபவர் கை கீழே என்று எண்ணியே நாம் பழகிவிட்டோம். ஈகையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கொடுத்தவரின் பெருமையும் பெற்றவரின் தேவையுமே நினைவுக்கு வருகின்றன. கொடுத்தவரும் பெற்றார், பெற்றவரும் கொடுத்தார் என்னும் உண்மை மறைந்துபோகிறது. நம் நீலமலையின் பழைய வரலாற்றில் இவ்வுண்மையை விளக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு.

இம்மலையுச்சியில் தம் மறையை மறந்துபோன பழங்காலக் கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள் என்றொரு செய்தி மலையாள நாட்டில் உலவியது. அதைக் கேள்வியுற்ற அங்கமாலி ஆயர் பிரான்சிஸ் ரோஸ் 1602ஆம் ஆண்டு ஒரு குருவையும் தியாக்கோனையும் மலைக்கு அனுப்பினார். அவர்கள் கொண்டுவந்த செய்தி தெளிவாக இல்லை. ஆகவே, கள்ளிக்கோட்டையில் பணியாற்றிய இத்தாலியரான இயேசு சபைக் குரு ஜாக்கோமோ ஃபெனிச்சியோ 1603ஆம் ஆண்டு புறப்பட்டார். மன்னார்க்காட்டு வழியாகக் காட்டையும் குளிரையும் கடந்து அவர் மலையேறியபோது இங்கே உதகை நகரமும் இல்லை. தேயிலைத் தோட்டமும் இல்லை.

முதலில் அவர் சென்றடைந்தது படுகர் ஊர் ஒன்று. அங்கே அரிசியும் பருப்பும் பூண்டும் தேனும் இருந்ததை அவர் குறித்துவைத்திருக்கிறார். பின்னர் தோடர்களைக் கண்டார். மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் துணையுடன் அவர்களோடு உரையாடினார். எருமைகளைப் போற்றும் அவர்களுடைய பூசாரியிடமும் பேசினார். அங்கிருந்தோருக்கு அவர் வழங்கியவை சிறு கண்ணாடிகளும் நூற்கண்டுகளுமே. அவற்றைப் பெற்று அவர்கள் மகிழ்ந்தார்கள். தங்கள் வீட்டையும் வழிபாட்டையும் வழக்கங்களையும் பற்றி அந்த அந்நியர் கேட்டவற்றுக்கெல்லாம் விடை சொன்னார்கள்.

தேடிவந்த கிறிஸ்தவர்கள் கிடைக்கவில்லை. கண்டதையும் கேட்டதையும் 1603 ஏப்ரலில் ஒரு மடலாக எழுதித் தம் மேலதிகாரிக்கு அனுப்பினார் ஃபெனிச்சியோ. மறைப்பணி அப்போது இங்கே தொடங்கப்படவில்லை. உதகை மறைமாவட்டம் உருவானது 1955ஆம் ஆண்டில்தான். அப்படியாயின் அந்தக் குரு வெறுங்கையோடு திரும்பினார் என்று சொல்லலாமா?

சொல்ல இயலாது. நீலமலை மக்களைப் பற்றி ஐரோப்பியர் எழுதியவற்றுள் காலத்தால் முந்தியது அம்மடலே. தோடர்களைப் பற்றி ஆராய்ந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906ஆம் ஆண்டு வெளியிட்ட தம் பெருநூலில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சேர்த்தார். எழுத்து வழக்கு இல்லாத ஒரு மக்களினம் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இம்மலையில் தன் எருமைகளோடும் வழிபாட்டோடும் வாழ்ந்தது என்பதற்கு இன்று அது சான்றாக நிற்கிறது. கண்ணாடி கொடுத்தவருக்கு அம்மக்கள் தங்கள் வாழ்வைச் சொன்னார்கள். அவர் எழுதிய மடலோ அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கண்ணாடியாயிற்று. இதில் கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று பிரித்துச் சொல்வது எளிதன்று.

ஆயினும் கொடுத்துப் பெறுவதை இம்மலையின் மக்கள் வெளியார் எவரிடமும் கற்கவில்லை. அது அவர்களுடைய வாழ்வாகவே இருந்தது. தோடர் நெய்யும் எருமையும் தந்தனர். கோத்தர் மண்கலமும் இரும்புக் கருவிகளும் செய்து தந்ததோடு, பிறர் வீட்டு இறப்பிலும் விழாவிலும் குழலும் மேளமும் இசைத்தனர். மைசூர் நாட்டிலிருந்து வந்து குடியேறிய படுகர் தானியம் தந்தனர். குறும்பர் தேனும் மூங்கிலும் கொணர்ந்தனர். ஒரு குடும்பத்துக்கும் மற்றொரு குடும்பத்துக்கும் இருந்த இந்தத் தொடர்பு தலைமுறை தலைமுறையாக வந்தது.

இதைக் குறையற்ற பொற்காலம் என்று புனைந்துரைப்பதும் நேர்மையாகாது. கோத்தரைத் தாழ்வாக நடத்தும் வழக்கம் இருந்தது. குறும்பர்மீது சூனியப் பழி சுமத்தி அவர்களைக் கொன்ற கொடுமைகள் 19ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தன. கைகள் கொடுத்துப் பெற்றபோதும் உள்ளங்கள் சில வேளைகளில் விலகியே நின்றன. கொடுப்பது மட்டும் போதாது, பெறுபவரை மதிக்கவும் வேண்டும் என்பதை இதிலிருந்து நாம் கற்கிறோம்.

1819ஆம் ஆண்டு கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தார். அதன்பின் சாலைகள் வந்தன, சந்தைகள் வந்தன, காசு வந்தது. கடையில் பானை கிடைத்தது, அரிவாளும் கிடைத்தது. 1930களில் படுகர் பலர் கோத்தர் இசையையும் வேண்டாமென விலக்கத் தொடங்கினர். பொருளுக்குக் குறைவு ஏற்படவில்லை. ஒருவர் வாசலுக்கு மற்றவர் வந்துபோவதுதான் குறைந்தது. விலை கொடுத்து வாங்கிய பொருளோடு கணக்குத் தீர்ந்துவிடுகிறது. அன்பினால் கொடுத்த பொருளோடு கணக்குத் தீர்வதில்லை. அந்தத் தீராத கணக்கையே நாம் உறவு என்கிறோம்.

அவ்வுறவு இம்மலையை விட்டு முற்றிலும் அகன்றுவிடவில்லை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் பலர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் குடியமர்ந்தனர். பிறந்த மண்ணைப் பிரிந்து, முன்பின் அறியாத குளிர்நாட்டில் வந்திறங்கிய ஒரு குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டார் தரும் ஒரு கரண்டி நெருப்பும் ஒரு படி அரிசியும் எத்துணைப் பெரியவை! இன்றும் கொழுந்து பறிக்கச் சென்ற தாய் மழையில் அகப்பட்டுக்கொண்டால், அவள் குழந்தைக்கு அடுத்த வீட்டுப் பாட்டி சோறூட்டுகிறாள். குழந்தை பசியாறுகிறது. தனிமையில் வாடிய பாட்டிக்கோ அந்த மாலைப்பொழுதில் ஒரு பேரப்பிள்ளை கிடைக்கிறது.

நற்செய்தியில் ஒரு சிறுவன் தன்னிடமிருந்த ஐந்து அப்பங்களையும் இரு மீன்களையும் ஆண்டவரின் கையில் தந்தான். ஐயாயிரம் பேர் உண்ட அற்புதத்தை நாம் அடிக்கடி தியானிக்கிறோம். அக்கூட்டத்தில் அமர்ந்திருந்த அந்தச் சிறுவனை மறந்துவிடுகிறோம். அன்று எல்லாரும் வயிறார உண்டனர். கொடுத்த சிறுவனும் அவர்களுள் ஒருவனல்லவா?