‘தோபி அரிப்பு’: ஒரு நோய்ப்பெயரும் இரு நோய்க்காரணங்களும்

திறவுச்சொற்கள்: தோல்நோய், படர்தாமரை, சேராங்கொட்டை, சலவைத்தொழில், காலனிய மருத்துவம்

முன்னுரை

அரிப்பு தனியொரு நோயன்று; பல நோய்களுக்குப் பொதுவான குறி. சொறி, சிரங்கு, படை, கரப்பான், தடிப்பு எனத் தமிழில் வழங்கும் பெயர்கள், தோலில் காணும் தோற்றங்கொண்டு அவற்றைப் பிரித்தறிந்த வழக்கைக் காட்டுகின்றன. காலனிய காலத்தில் ஆங்கிலேயர் வழங்கிய ‘தோபி அரிப்பு’ என்னும் பெயரோ நோயின் தோற்றத்தைச் சுட்டாது, துணி வெளுக்கும் சமூகத்தைச் சுட்டியது. அப்பெயருக்குள் அடங்கிய இருவேறு நோய்கள் பிரித்தறியப்பட்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பூஞ்சையால் வரும் அரிப்பு

தொடையிடுக்கில் தோன்றும் படர்தாமரையே முதலில் இப்பெயரால் குறிக்கப்பட்டது. வெளுத்து வந்த துணியே நோயைக் கொணர்ந்தது என்பது இப்பெயரின் உட்பொருள். 1903 முதல் கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் ஆல்தோ காஸ்தெல்லானி இந்நோய்க்குரிய பூஞ்சைகளை ஆராய்ந்தார். இன்று டிரைக்கோபைட்டான் ரூப்ரம் எனப்படும் பூஞ்சையை 1910இல் விவரித்தார். இப்பூஞ்சை நோயுற்றவரின் பாதத்திலிருந்தே தொடையிடுக்கிற்குப் பரவக்கூடும். வியர்வையும் வெப்பமும் அதனை வளர்க்கும். எனவே சலவைத் தொழிலாளர் மீது சுமத்தப்பட்ட பொதுப்பழி வலுவற்றது.

சேராங்கொட்டையால் வரும் அரிப்பு

பல வீட்டுத் துணிகளை ஒருசேர வெளுத்தவர்க்கு அவற்றை அடையாளங்காணக் குறி தேவைப்பட்டது. சேராங்கொட்டைச் சாற்றால் இட்டுச் சுண்ணாம்பு சேர்த்து நிலைப்படுத்திய கருங்குறி எத்தனை முறை வெளுத்தாலும் அழியாது. மா, முந்திரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சார்ந்த இம்மரத்தின் காய்ச்சாறு, ஒவ்வாமையுடையோர் தோலில் கொப்புளத்தையும் கடும் அரிப்பையும் உண்டாக்கும். சித்த மருத்துவர் இக்கொட்டையின் மூக்கை நீக்கிச் சுத்திசெய்த பின்னரே மருந்தில் சேர்ப்பது அதன் நச்சுத்தன்மையை அறிந்தமையால் ஆகும். இந்தியாவிலிருந்த அமெரிக்கப் படைவீரரிடம் கண்ட இத்தகைய தோலழற்சியை லிவிங்குட், ராஜர்ஸ், பிட்ஸ்-ஹியூ ஆகியோர் 1943இல் ‘தோபிக் குறித் தோலழற்சி’ எனப் பெயரிட்டு வெளியிட்டனர். இங்கும் காரணம் அழுக்கன்று, குறியிட்ட சாறே.

வேறுபடுத்தும் முறை

படர்தாமரை வட்டமாகப் படரும். விளிம்பு தடித்தும் நடுப்பகுதி தெளிந்தும் இருக்கும். தோற்செதிளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இட்டு நுண்ணோக்கியால் நோக்கின் பூஞ்சை இழைகள் புலப்படும். சேராங்கொட்டை அழற்சியோ பிடரி போன்று, துணியின் குறி தோலில் படும் இடத்தில் தோன்றும். விரலிடுக்கில் தோன்றி, இரவில் மிகுந்து, வீட்டிலுள்ள பிறரையும் பற்றுவது சிரங்கு. அது சிற்றுண்ணியால் வருவது.

இவ்வேறுபாடு மருத்துவத்திலும் விளைவுடையது. ஒவ்வாமை அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு களிம்பு, படர்தாமரையில் அரிப்பை மட்டும் அடக்கி, அதன் வடிவை மறைத்துப் பூஞ்சையைப் பரவச் செய்யும். மருத்துவர் அறிவுரையின்றி இக்களிம்புகளைப் பூசும் பழக்கம், இன்று இந்தியாவில் எளிதில் தீராத படர்தாமரை பெருகுவதற்கான காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

முடிவுரை

‘தோபி அரிப்பு’ என்னும் பெயர் இருவேறு காரணங்களை ஒன்றாக்கியதோடு, நோய்க்கான பொறுப்பை ஓர் உழைக்கும் சமூகத்தின் மீது ஏற்றியது. காரணங்கள் தெளிவான பின்னரும் அப்பெயர் வழக்கொழியவில்லை. ஆகவே காலனிய மருத்துவ ஆவணங்களில் இப்பெயரைக் காணும் ஆய்வாளர், அதனை ஒரு நோயின் பெயராகக் கொள்ளாது, உடன் கூறப்படும் உடற்பகுதி, தோற்றம் ஆகியவற்றைக் கொண்டு எந்நோய் குறிக்கப்பட்டது எனத் துணிதல் வேண்டும்.