கரிவாயுப் பேருந்தும் மணமில்லா நஞ்சும்

நெடுநல்வாடையை வாசித்தவர்கள் அதில் வரும் கூதிர்கால மதுரையை மறந்திருக்க மாட்டார்கள். தென்றலுக்கென்று வைத்த சாளரங்களின் கதவுகள் தாழிடப்பட்டிருக்கின்றன. குளிர்ந்த நீரை யாரும் தொடுவதில்லை. வாயகன்ற தடவில் செந்தணல் இட்டு மக்கள் குளிர்காய்கிறார்கள். தடவு என்ற சொல் வழக்கொழிந்துவிட்டது. கணப்புச் சட்டி என்றால் இன்றும் சிலருக்குப் புரியும். நக்கீரர் குளிரின் கடுமையைச் சொல்வதற்காகவே அடைத்த கதவையும் தணலையும் அருகருகே வைத்தார். ஆனால் இவ்விரண்டும் ஓர் அறைக்குள் கூடினால் உயிருக்கே ஆபத்து என்பதும், அதற்குக் காரணம் யாது என்பதும் ஐயமின்றி நிறுவப்பட்டதற்கு 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த நஞ்சின் பெயர் கார்பன் மோனாக்சைடு. ஈழத்துப் பாடநூல்கள் காபனோரொட்சைட்டு என்று எழுதும். போதிய காற்றில்லாமல் கரி எரியும்போது பிறப்பது. நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிக்காது, இருமலும் வராது. 1850-களில் பிரெஞ்சு உடலியலாளர் குளோத் பெர்னார் இது குருதியின் சிவப்பணுக்களில் உயிர்வளி அமர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று காட்டினார். உயிர்வளியைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்பு அதற்கு உண்டு. 1890-களில் ஜான் ஸ்காட் ஹால்டேன் இவ்வளியைத் தாமே சுவாசித்து விளைவுகளைக் குறித்துவைத்தார். சுரங்கத்திற்குள் சிறு உயிரினங்களைக் கொண்டுசெல்லும் யோசனையும் அவருடையதே. கூண்டில் இருந்த கேனரிப் பறவை மயங்கினால் தொழிலாளர் வெளியேற வேண்டும். பிரித்தானியச் சுரங்கங்களில் அப்பறவைகளுக்கு ஓய்வு கிடைத்தது 1986-இல்தான்.

நெருப்பில்லாமல் புகையாது என்கிறோம். இதன் மறுபுறமே இங்கு நமக்கு முக்கியம். நன்கு கனன்ற கரி புகைவதில்லை. புகையாத நெருப்பு தீங்கற்றது என்று நம்பித்தான் மனிதர்கள் அதைப் படுக்கையறை வரை கொண்டுவந்தார்கள்.

*

குளிர்நாடுகளில் இந்நம்பிக்கை மோட்டார் வண்டிக்குள்ளும் நுழைந்தது. பெரும்பாலான கார்களில் எஞ்சினைச் சுற்றிவரும் வெந்நீரே பயணிகளின் அறைக்கும் வெப்பம் தரும். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போன்ற, காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட வண்டிகளில் அந்த வெந்நீர் கிடையாது. 1960-களின் தொடக்கம் வரை எஞ்சினைக் குளிர்வித்துச் சூடேறிய காற்றையே பீட்டில் உள்ளே அனுப்பியது. 1963-ஆம் ஆண்டு மாதிரி முதல் முறை மாறியது: புகைபோக்கிக் குழாயின் மேல் ஓர் உறையிட்டு, இடையே புதுக்காற்றைச் செலுத்தி, அதை உள்ளே விட்டார்கள். பயணியின் மூச்சுக்கும் நஞ்சுக்கும் நடுவே இருந்தது ஓர் உலோகச் சுவர் மட்டுமே. அது துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலோ, இணைப்பு வளையம் தேய்ந்தாலோ, வெப்பத்துடன் புகையும் உள்ளே வரும். பழைய பீட்டில்களைப் போற்றி வைத்திருப்பவர்கள் குளிர்காலத்திற்கு முன் அக்குழாய்களைச் சோதிப்பது இதனால்தான்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்திற்கு இக்கதை பொருந்துமா என்று வாசகர்கள் கேட்கலாம். குண்டாற்றில் மணல் மட்டும் ஓடும் மாதங்களே அதிகமான நிலம் இது. வண்டிக்குள் வெப்பம் வேண்டும் என்று இங்கே யாரும் கேட்டதில்லை. ஆனால் இந்நிலம் கார்பன் மோனாக்சைடுடன் இன்னும் நெருக்கமான உறவு கொண்டது. ஒரு காலத்தில் அதையே எரிபொருளாக்கி இங்கு பேருந்துகள் ஓடின.

*

இரண்டாம் உலகப்போரின்போது, 1941-இல், இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பின்வாங்கிய பிரித்தானியர் சிரியம் சுத்திகரிப்பு ஆலையையும் ஏனாங்யாங் எண்ணெய் வயல்களையும் தாமே அழித்துவிட்டுச் சென்றனர். பர்மா என்பது இராமநாதபுரம் சீமைக்குத் தொலைதூர நாடாக இருந்ததில்லை. வட்டித்தொழிலுக்கும் கூலிக்கும் அங்கே சென்றவர்கள் நடந்தே திரும்பிய ஆண்டு அது. மக்கள் வந்தார்கள், பர்மா எண்ணெய் வரவில்லை. அரிசியும் வரவில்லை.

மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1910-களின் தொடக்கத்திலேயே பேருந்து ஓட்டத் தொடங்கியிருந்தார். தென்மாவட்டச் சாலைகளில் போக்குவரத்து என்பதே அந்நிறுவனத்தின் பெயரோடு பிணைந்திருந்த காலம். பெட்ரோல் இல்லையென்று வண்டிகளை நிறுத்த முடியாத நிலையில் அவர்கள் வடிவமைத்து விற்றதே டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட். உலகெங்கும் அப்போது இதுவே வழியாக இருந்தது. பிரான்சில் ஜார்ஜ் இம்பேர் 1920-களிலேயே மரவாயுக் கலனை உருவாக்கியிருந்தார். போர்க்கால ஐரோப்பாவில் பல லட்சம் வண்டிகள் விறகிலும் கரியிலும் ஓடின.

கருவியின் இயக்கம் எளியது. பேருந்தின் பின்புறம் ஆளுயர உருளை ஒன்று. அதில் கரியைக் கொட்டி அடியில் தீ மூட்டுவார்கள். உள்ளே செல்லும் காற்றுக்கு அளவுண்டு. அடியில் கரி முழுமையாக எரிந்து கரியமில வாயுவாகும். அது கனலும் கரிப்படுகையினூடே செல்லும்போது மேலும் கரியைக் கவர்ந்து கார்பன் மோனாக்சைடாக மாறும். சாம்பலும் தூசும் வடிகட்டிகளில் நீங்கி, குழாய்களில் குளிர்ந்து, காற்றுடன் கலந்து அது எஞ்சினைச் சேரும். கரிவாயுவில் ஏறக்குறைய 30 விழுக்காடு கார்பன் மோனாக்சைடு, சிறிது ஹைட்ரஜன், மற்றது பெரும்பாலும் எரியாத நைட்ரஜன். ஆகவே பெட்ரோலில் கிடைத்த வலுவில் ஏறத்தாழப் பாதியே கிடைத்தது. மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளிய கதைகள் இங்கிருந்துதான் பிறந்தன.

அக்காலத்தவரின் நினைவுக்குறிப்புகளில் நாம் வாசித்தவரை கரி பஸ் ஒரு வேடிக்கையாகவே வருகிறது. வேட்டியில் கரி, நடுவழியில் நின்ற வண்டி, தாமதமான முகூர்த்தம். இவற்றுக்கிடையே ஓரமாக ஒருவர் நிற்கிறார். அவர் பெயர் கிளீனர். விடியுமுன் வந்து சாம்பலை வாரிக் கொட்டி, கரி நிரப்பி, தீ மூட்டி, கைப்பிடியால் விசிறியைச் சுழற்றி வாயுவை வரவழைப்பது அவர் வேலை. பிறந்த வாயு எரியும் தரத்தை அடைந்துவிட்டதா என்று தெரிய, வெளிவரும் துளையருகே தீக்குச்சியைக் காட்டிப் பார்க்க வேண்டும். சுடர் நின்று எரிந்தால் எஞ்சினை முடுக்கலாம். சுடர் நிற்கும் வரை அத்துளையில் வந்ததெல்லாம் அவர் முகத்தருகேதான் கலந்தது.

இங்கே பொறியியல் நுட்பம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது அது வாயுவை உறிஞ்சுகிறது. குழாயில் விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர வாயு வெளியே வராது. ஓடும் பேருந்து, ஒப்பீட்டளவில், பாதுகாப்பானது. எஞ்சினை நிறுத்திய பின்னும் உருளைக்குள் கனல் அடங்குவதில்லை. வாயு பிறந்துகொண்டே இருக்கும். உறிஞ்ச ஆளில்லாததால் அழுத்தம் கூடி மூடியின் இடுக்குகளில் கசியும். எனவே பேராபத்து நேர்வது மூன்று வேளைகளில்: தீ மூட்டும்போது, மூடியைத் திறந்து கரி நிரப்பும்போது, வண்டி ஓய்ந்து நிற்கும்போது. பீட்டிலில் நஞ்சு ஓட்டத்தில் வந்தது; கரி பஸ்ஸில் ஓய்வில் வந்தது. இம்மூன்று வேளைகளிலும் வண்டியருகே இருப்பவர் கிளீனர். வண்டியிலோ கொட்டகையிலோ படுத்துறங்குபவரும் பெரும்பாலும் அவரே.

காற்றில் இந்நஞ்சு ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேலிருந்தாலே சில நிமிடங்களில் உயிர் பிரியும். அதைவிட மிகக் குறைந்த அளவில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, கால் தளர்ச்சி. ஸ்வீடனில் போர்க்காலத்தில் பல்லாயிரம் வாயு வண்டிகள் ஓடியபோது இந்நச்சேற்றம் மருத்துவர்கள் தனியே ஆராய வேண்டிய சிக்கலாயிற்று. வாயு வண்டியை மூடிய கொட்டகையில் நிறுத்தலாகாது என்பதே அங்கு கற்ற முதற்பாடம். குளிர்நாட்டில் காரணமில்லாத தலைவலி ஐயத்தைக் கிளப்பும். நம் கரிசல் வெயிலில் அதே தலைவலிக்கும் வாந்திக்கும் ஆயத்தமான பெயர்கள் இருக்கின்றன: வெயில், பித்தம், வெறும் வயிறு. எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டு மறுபடி விசிறியைச் சுழற்றியிருப்பார்கள். நோய்க்கு வேறொரு பெயர் முன்கூட்டியே இருந்துவிட்டால் உண்மைக் காரணம் ஏட்டில் ஏறுவதில்லை.

போர் முடிந்து பெட்ரோல் திரும்பியது. பின்னர் டீசல் வந்தது. உருளைகள் கழற்றப்பட்டுப் பழைய இரும்பாயின. டி.வி.எஸ். பேருந்துகளே 1972-இல் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாக மாறின. தொழில் வரலாற்றில் கேஸ் பிளாண்ட் ஓர் அறிவுத்திறனின் சான்றாகப் பதிவானது, அப்பெருமை தகும். அதன் மறுபக்கம் எழுதப்படவில்லை.

*

பேருந்தை விட்டு நீங்கிய கரி இந்நிலத்தை விட்டு நீங்கவில்லை. தென்னமெரிக்க, நடு அமெரிக்க நிலங்களின் மரமான சீமைக் கருவேல் 1870-களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி தொடங்கிக் கமுதி, முதுகுளத்தூர் வரை கண்மாயிலும் தரிசிலும் அதுவே காடு. 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்ற ஆணையிட்டது; மரம் இன்றும் நிற்கிறது. மழை பொய்த்த ஆண்டில் சம்சாரிக்கு அது விளைச்சல். கூலியாளுக்கு வேலை.

வெட்டிய விறகை நெருக்கி அடுக்கி, வைக்கோலும் தழையும் பரப்பி, ஈரமண் பூசி, உள்ளே தீயிடுவது கரிமூட்டம். கேஸ் பிளாண்ட் இரும்பில் செய்ததை இது மண்ணில் செய்கிறது: காற்றை ஒடுக்கி நெருப்பைப் பட்டினி போடுதல். நோக்கம் மட்டும் வேறு. அங்கே வாயு வேண்டும், இங்கே கரி வேண்டும், வாயு கழிவு. நாள்கணக்கில் எரியும் மூட்டத்தை இரவும் பகலும் காக்க வேண்டும். பூச்சு வெடித்துக் காற்று புகுந்தால் உழைப்பெல்லாம் சாம்பலாகும். வெடிப்பை அடைக்கக் குனிபவரின் முகம் வாயு வெளிவரும் துளைக்கு நேரே இருக்கிறது. வெண்புகை மெலிந்து நீலம் பாரித்தால் வேகும் பதம் நெருங்கிவிட்டது என்பார்கள். கண் எரியாமல் நிற்க முடிகிற அந்நேரத்திலும் மணமில்லாத நஞ்சு வந்துகொண்டுதான் இருக்கும். திறந்தவெளி என்பதால் காற்று அதைக் கலைத்துவிடுகிறது. காற்றடங்கிய இரவில், மூட்டத்தை ஒட்டிப் படுப்பவருக்கு அந்த உறுதி இல்லை. பிறகு தூர்க்கரிக்கு ஒரு விலை, தூள்கரிக்கு ஒரு விலை என்று லாரியேறிப் போகிறது. தலைவலிக்கு விலையில்லை.

அந்தக் கரி எங்கே போய்ச் சேர்கிறது என்பதும் இக்கதையின் பகுதியே. உணவகங்களின் அடுப்புகளுக்கும் இஸ்திரிப் பெட்டிகளுக்கும் போவது போக, மலைவாசத் தலங்களின் விடுதி அறைகளுக்கும் கரி போகிறது. இறைச்சி சுட்ட அடுப்பைக் குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி குளிர்காலங்களில் நாளிதழ்களில் வருவதைப் பார்க்கிறோம். நெடுநல்வாடையின் தடவும் தாழிட்ட சாளரமும் அப்படியே இருக்கின்றன.

சமவெளியில் காட்சி தலைகீழ். நாம் வண்டிக்குள் தேடுவது குளிர்ச்சி. கண்ணாடிகளை ஏற்றி, ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்திய வண்டிக்குள் உறங்குகிறோம். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு, தளத்திலிருந்த துளை வழியே உள்ளே புகுந்தது என்று ஆய்வு கண்டது. வெப்பத்தை நாடினாலும் குளிர்ச்சியை நாடினாலும் நிகழ்வது ஒன்றே: அடைத்த இடம், அருகே எரியும் ஒன்று, நடுவே ஒரு பழுது.

இவ்வளவு அறிந்தபின் செய்ய வேண்டியவை சிலவே. நிறுத்திய வண்டியில் எஞ்சின் ஓட உறங்கக் கூடாது. கரியடுப்பும் ஜெனரேட்டரும் மூடிய இடத்திற்கு ஆகா. ஒரே இடத்தில் இருந்த பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் முதலில் கதவைத் திறந்து வெளியேற வேண்டும். மயங்கியவரைத் திறந்தவெளிக்குக் கொண்டுவந்து, மருத்துவமனையில் ஆக்சிஜன் கொடுக்கச் செய்ய வேண்டும். சாதாரணக் காற்றில் குருதியிலுள்ள நஞ்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணிநேரம் ஆகும். தூய ஆக்சிஜனில் ஏறக்குறைய ஒன்றரை மணிநேரம் போதும். கொரோனாவுக்குப் பின் வீடுதோறும் இருக்கும் விரல் ஆக்சிமீட்டரை இதில் நம்பக் கூடாது. நஞ்சேறிய குருதியையும் அது உயிர்வளி நிறைந்த குருதியாகவே காட்டும்.

மற்றொரு கடமை நம்மைப் போன்ற எழுத்தார்வலர்களுடையது. கரி பஸ்ஸில் சிறுவனாகக் கைப்பிடி சுழற்றியவர் எவரேனும் இன்றிருந்தால் வயது தொண்ணூறைக் கடந்திருக்கும். கரிசல் எழுத்து இந்நிலத்தின் உழவையும் பஞ்சத்தையும் தீப்பெட்டித் தொழிலையும் பேசியிருக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வாசகர்கள் தம் ஊர்ப் பெரியவர்களிடம் கரி பஸ்ஸைப் பற்றிக் கேட்கும்போது, வண்டியைத் தள்ளிய கதையோடு நிறுத்திவிடாமல், கிளீனர் எங்கே படுத்துறங்கினார் என்றும் கேட்டு எழுதிவைக்க வேண்டும். கரிமூட்டத்தில் இன்று வேலை செய்பவர்களிடம், மாலையில் தலை வலிக்கிறதா என்று கேட்கவும் வேண்டும்.