கள்ளிக்கு வந்த பூச்சி

சப்பாத்திக்கள்ளி இல்லாத தோட்டத்து வேலியைத் தன் இளவயதில் தேவாரம் ஊரில் பார்த்ததே இல்லை என்பார் எங்கள் தாத்தா. ஆடு மாடு நுழையாதே என்று வைத்தது, ஓடைக்கரை, மந்தை, மானாவாரிக் காடு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. வெட்டிப்போட்ட மடலெல்லாம் வேர்விட்டது. கடைசியில் அதை ஒழித்தது சாறு உறிஞ்சும் ஒரு பூச்சி.

மடலில் பஞ்சு ஒட்டினாற்போல் உட்கார்ந்திருக்கும், நசுக்கினால் செக்கச்செவேல். இவ்வகைப் பூச்சியிலிருந்து எடுத்த மெக்சிகோவின் கொச்சினீல் சாயத்தில் ஸ்பெயின் அள்ளிய லாபம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கண்ணை உறுத்த, 1795இல் ரியோ டி ஜெனிரோவிலிருந்து கல்கத்தாவுக்கு இந்தப் பூச்சி வந்தது. வந்ததோ வேறு இனம். சாயம் தேறவில்லை, ஆனால் அது குடியேறிய இடங்களில் ஒருவகைக் கள்ளி பட்டுப்போனது. நம் சப்பாத்திக்கள்ளியை மட்டும் அது தொடவில்லை. அதற்கென்று 1926இல் இலங்கையிலிருந்து இன்னோர் இனத்தை வரவழைத்தார்கள். சில ஆண்டுகளில் தென்மாவட்டங்களில் கள்ளிக்காடுகள் அழுகிச் சாய்ந்தன. "பூச்சி கட்டுன மடலைக் கொண்டுபோயி அடுத்த புதர்ல செருகிட்டு வந்தாப் போதும்டா, மத்ததை அது பாத்துக்கிரும்" என்பார் தாத்தா.

அதன் தூரத்து உறவு ஒன்று கூப்பிடாமலே வந்தது. 2008இல் கோவையில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சிக்கும் பூர்வீகம் மெக்சிகோ பக்கம்தான். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என எதையும் விடவில்லை. என் பப்பாளியில் குருத்து சுருண்டு, இலையெல்லாம் பிசுபிசுத்து, கரும்பூசணம் படர்ந்தது. எறும்பு சாரிசாரியாக ஏறியது. அடித்த மருந்து மாவின் மேலேயே வழிந்து ஓடியது.

2010இல் பெங்களூருவின் தேசிய வேளாண் பூச்சிகள் பணியகம் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவியைத் தருவித்தது. கடுகைவிடச் சிறியது, மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். உள்ளே பொரித்த புழு பூச்சியைத் தின்று, குளவியாகி, கூட்டில் ஓட்டை போட்டு வெளியேறும். உருளைக்கிழங்கு முளையில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் குளவியைப் பெருக்கித் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஊர் ஊராகக் கொடுத்தது. ஓரிரு ஆண்டுகளில் பூச்சி அடங்கியது.

இரண்டு முறையும் வேலை செய்தது ஒரே குணம்: ஒன்றை விட்டால் வேறெதையும் தின்னாத வாய். மருந்துக்கு அந்தப் பேதம் தெரியாது. குளவியையும் சேர்த்தே கொல்லும். ஆகவே மாவு கண்டால் முதலில் இலையைத் திருப்பி ஓட்டை விழுந்த கூடு இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருந்தால் மருந்துக்கடைப் பக்கம் போவதில்லை.