மூட நாற்றும் குட்டை நெல்லும்

பயிர் ஓங்கி வளர்வதை வளமையின் அடையாளமாகவே நாம் கொண்டாடி வந்திருக்கிறோம். நெல்லின் வரலாற்றில் இதற்கு நேர்மாறான ஒரு பக்கமும் உண்டு.

ஜப்பானிய உழவர்கள் தம் வயல்களில் விசித்திரமான ஒரு நோயை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். நோயுற்ற நாற்று குன்றாது. வெளிறி, ஒல்லியாகி, மற்ற நாற்றுகளை விஞ்சி நீளும். பின் பெரும்பாலும் மணி பிடிக்காமலே மடியும். அதை அவர்கள் 'பக்கானே' என்றனர். 'மூட நாற்று' என்பது பொருள்.

இதற்கு ஒரு பூஞ்சையே காரணம் என்பது முன்னரே தெரிந்திருந்தது. அன்று ஜப்பானிய ஆட்சியிலிருந்த தைவானில் பணியாற்றிய எய்ச்சி குரோசாவா, பூஞ்சையை வளர்த்த நீரிலிருந்து அப்பூஞ்சையை முற்றிலும் நீக்கிவிட்டு, அந்நீரை நலமான நாற்றுகளுக்கு அளித்தார். அவையும் நீண்டன. ஆக, நாற்றை நீட்டியது பூஞ்சை சுரந்த ஏதோ ஒரு பொருள் என்று 1926-இல் அவர் அறிவித்தார். தெய்ஜிரோ யபுதா 1935-இல் அதற்கு ஜிப்பெரெலின் என்று பெயரிட்டார். 1938-இல் அது படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது.

வியப்பு அதன் பிறகுதான். 1958-இல் முற்றாத பீன்ஸ் விதைகளிலிருந்தே ஜிப்பெரெலின் கிடைத்தது. தாவரங்கள் தாமே சுரக்கும் ஹார்மோன் அது என்பது உறுதியாயிற்று. விதை முளைப்பதும், தண்டு நீள்வதும், வெள்ளம் சூழ்கையில் ஆழநீர் நெல் நீர்மட்டத்துக்கு மேல் தலைதூக்குவதும் அதன் துணையால்தான். பூஞ்சை செய்ததெல்லாம் பயிரின் மொழியிலேயே உரக்கப் பேசியதுதான்.

இதற்கிடையே ஆசிய வயல்களில் வேறொரு சிக்கல். உரமிட்டால் உயரமான நெல் மேலும் உயர்ந்து, கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்தது. பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், இந்தோனேசியாவின் 'பேட்டா' ரகத்தைத் தைவானின் குட்டை ரகமொன்றோடு இணைத்து, 1966-இல் ஐ.ஆர். 8-ஐ வெளியிட்டது. நம் ஊர் உழவர்களும் நன்கறிந்த பெயர் அது. வைக்கோல் குறைந்தது, நெல் பெருகியது.

அதன் குட்டைத்தனத்துக்குக் காரணம் 2002-இல்தான் விளங்கியது: ஜிப்பெரெலினை ஆக்கும் நொதி ஒன்றின் மரபணு அதில் பழுதுபட்டிருந்தது. மிகுந்தபோது பயிரை மடியச் செய்த அதே பொருள், குறைந்தபோது கோடிக்கணக்கானோர்க்குச் சோறானது. குரோசாவாவின் விடையும் குட்டை நெல்லும் ஒரே தீவிலிருந்து வந்தவை. அவ்விரண்டுக்கும் உள்ள உறவை நாம் அறிய முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.