சொந்தமாய் எழுதிய நிரலுக்கும் தடை: ஜிஃப் படங்களின் வரலாறு

இணையம் இல்லங்களுக்குள் நுழையத் தொடங்கிய நாள்களில் திரையில் தோன்றிய படங்கள் பல ‘ஜிஃப்’ என்னும் வடிவத்தில் அமைந்தவை. அமெரிக்காவின் கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987ஆம் ஆண்டு அதனை வெளியிட்டது. எவரும் பயன்படுத்தலாம் என்ற நம்பிக்கையில் நிரலாளர் பலர் அதற்கான மென்பொருள்களை எழுதி, விலையின்றியே வழங்கி வந்தனர்.

ஆனால் அப்படங்களைச் சுருக்கும் முறைக்கு வேறோர் உரிமையாளர் இருந்தார். ஆபிரகாம் லெம்பெல், யாக்கோப் ஸிவ் ஆகிய அறிஞர்கள் 1978இல் வெளியிட்ட முறையை டெர்ரி வெல்ச் மேம்படுத்தி, 1984இல் ஆய்விதழொன்றில் விளக்கினார். மூவரின் பெயரெழுத்துகளால் அது எல்.இசட்.டபிள்யூ. எனப்பட்டது. அதற்காக 1983இலேயே காப்புரிமை கோரப்பட்டிருந்தது. 1985இல் அது வழங்கப்பட்டு, பின்னர் யூனிசிஸ் நிறுவனத்தின் வசமானது. கட்டுரையைப் படித்து நிரல் எழுதிய பலர் இதனை அறிந்திருக்கவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். பதிப்புரிமை, ஒரு சமையல் நூலின் வாசகங்களை நகலெடுப்பதைத் தடுப்பது போன்றது. மென்பொருள் காப்புரிமையோ அந்த முறையில் எவரும் சமைப்பதையே தடுப்பது போன்றது. ஒருவர் பிறருடைய நூலைப் பார்க்காமல் தாமே அம்முறையைக் கண்டறிந்திருந்தாலும் தடை தடைதான்.

கட்டற்ற மென்பொருளை இது கடுமையாகப் பாதித்தது. வணிக நிறுவனம் கட்டணத்தை விற்பனை விலையில் சேர்த்துவிடலாம். எவரும் நகலெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம் என்று வழங்கப்படும் மென்பொருளில் பிரதிகளுக்குக் கணக்கே இல்லை. யாரிடம் வசூலித்து யார் செலுத்துவது? இதனால்தான் 1991இல் வந்த குனூ பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, காப்புரிமைக் கட்டுப்பாட்டால் அனைவருக்கும் தடையின்றி வழங்க இயலாத மென்பொருளை அறவே விநியோகிக்கக் கூடாது என்று விதித்தது.

அவர்கள் மாற்றுவழி தேடினர். யூனிக்ஸ் கணினிகளில் வழங்கிய ‘கம்ப்ரெஸ்’ நிரலும் அதே முறையைக் கையாண்டது. அதற்கு ஈடாக, ழான்-லூ கெய்லி, மார்க் ஆட்லர் இருவரும் 1992இல் ‘ஜிசிப்’ நிரலை உருவாக்கினர். லெம்பெல், ஸிவ் இருவரும் 1977இல் வெளியிட்ட முந்தைய முறையே அதற்கு அடிப்படை.

1994 டிசம்பர் இறுதியில், ஜிஃப் மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் கோரும் அறிவிப்பு வெளியானது. சில நாள்களிலேயே, 1995 ஜனவரியில், தாமஸ் பூட்டெல் புதிய பட வடிவம் ஒன்றை முன்மொழிந்தார். தன்னார்வலர்கள் கூடி அதனைச் செம்மைப்படுத்தினர். அதுவே இன்று நம் கைப்பேசிகளிலும் உள்ள ‘பிஎன்ஜி’. 1996 அக்டோபரில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் அதனைப் பரிந்துரைத்தது. ஜிசிப் கையாளும் சுருக்குமுறையே பிஎன்ஜியிலும் உள்ளது.

அமெரிக்கக் காப்புரிமை 2003 ஜூனிலும் பிற நாடுகளில் இருந்தவை 2004இலும் காலாவதியாயின. பூட்டெலின் ‘ஜிடி’ மென்பொருளிலிருந்து நீக்கப்பட்டிருந்த ஜிஃப் வசதி 2004இல்தான் திரும்பியது. தாமே எழுதிய நிரலைத் தாமே வெட்டியெறிந்து, காப்புரிமையின் காலம் முடியும்வரை அவர்கள் காத்திருக்க நேர்ந்தது.

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணினி நிரலைத் தன்னளவில் காப்புரிமைக்குரிய கண்டுபிடிப்பாகக் கருதுவதில்லை. அதனைத் தளர்த்த 2004 இறுதியில் அவசரச் சட்டம் வந்தது. 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய திருத்தச் சட்டத்தில் அத்தளர்வு இடம்பெறவில்லை. அந்தச் சிறு பிரிவு எதனைக் காக்கிறது என்பதை ஜிஃப் வரலாறு நமக்கு விளக்குகிறது: ஒருவர் தம் அறிவால் எழுதியதைப் பிறருக்குத் தடையின்றிக் கொடுக்கும் உரிமையை.