எலும்பு மஜ்ஜைக்குக் கட்டளை இடுவது யார்?

"சிவப்பணுக்கள் எங்கே உற்பத்தியாகின்றன?" என்று வகுப்பில் கேட்டால் பாதிக் கைகள் உயரும். எலும்பு மஜ்ஜையில். சரியான விடைதான். "எவ்வளவு உற்பத்தி செய்யணும்னு மஜ்ஜைக்கு யார் சொல்றது?" என்று அடுத்துக் கேட்டுப் பாருங்கள். உயர்ந்த கைகள் மெல்ல இறங்கிவிடும். இந்த இரண்டாவது கேள்விக்கு முழு விடை கிடைக்க அறிவியலுக்கே ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பிடித்தன.

1890-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் வியோ, பெரு நாட்டில் 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள மொரோகோச்சா சுரங்க ஊருக்குப் போனார். புறப்படுமுன் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் அவருக்கு 5 மில்லியன் சிவப்பணுக்கள் இருந்தன. சுமார் மூன்று வாரங்களில் அது 7 மில்லியனைத் தாண்டிவிட்டது. உயிர்வளி குறைந்தால் சிவப்பணு கூடும் என்பது உறுதியானது. ஆனால் எப்படி? உயிர்வளிக் குறைவை மஜ்ஜையே நேராக உணர்கிறது என்றுதான் பலர் நம்பினார்கள்.

1906-இல் பாரிசில் கார்னோவும் உடன் பணியாற்றிய டெஃப்லாண்டரும் வேறு கருத்தைச் சொன்னார்கள். இரத்தம் எடுக்கப்பட்ட முயலின் சீரத்தை நல்ல முயலுக்குச் செலுத்தினால், அதற்கும் சிவப்பணு கூடுகிறதாம். அப்படியானால் இரத்தத்தில் ஏதோ ஒரு தூதுப்பொருள் இருக்க வேண்டும். மற்றவர்கள் செய்து பார்த்தபோது பலருக்கு அதே பலன் வரவில்லை. அவ்வளவுதான், கருத்து ஓரங்கட்டப்பட்டது. பாடநூலில் கண்டுபிடிப்புகள் நேர்கோடு போலத் தெரியும். உண்மையில் சரியான கருத்துகூட நாற்பது ஆண்டுகள் தூங்கிக் கிடக்கும்!

1950-இல் ரைஸ்மன், இரண்டு எலிகளின் உடலை இணைத்து, ஒன்றை மட்டும் உயிர்வளி குறைந்த காற்றைச் சுவாசிக்க வைத்தார். இரண்டின் மஜ்ஜையும் சுறுசுறுப்பானது. 1953-இல் எர்ஸ்லெவ், இரத்தசோகை கொண்ட முயல்களின் பிளாஸ்மாவை நிறைய அளவில் செலுத்தி, தூதுப்பொருள் உண்டு என்று காட்டினார். 1957-இல் சிகாகோவில் ஜேக்கப்சனும் கோல்ட்வாசரும் எலிகளில் ஒவ்வோர் உறுப்பாக அகற்றிப் பார்த்தார்கள். சிறுநீரகத்தை எடுத்தபோதுதான் தூதுப்பொருள் நின்றது. ஆக, கட்டளை பிறக்கும் இடம் சிறுநீரகம். கட்டளையின் பெயர் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோன். உயிர்வளி போதுமான அளவுக்கு வந்ததும் அதன் சுரப்பு குறைந்துவிடும். எதிர்மறைப் பின்னூட்டத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. மாணவர்களே, விடை எழுதும்போது இந்தக் கடைசிப் படியை விட்டுவிடாதீங்க.

அந்தப் பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுப்பதற்குள் கோல்ட்வாசருக்கு இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. நலமான ஒருவரின் சிறுநீரில் அது மிக மிகக் குறைவு. மஜ்ஜை செயலிழந்த நோயாளிகளின் நிலை வேறு: மஜ்ஜை பதில் சொல்லாததால், சிறுநீரகம் விடாமல் கத்திக்கொண்டே இருக்கும். சிறுநீரிலும் ஹார்மோன் நிறைய வெளியேறும். ஜப்பானிய ஆய்வாளர் மியாக்கே அத்தகைய நோயாளிகளிடமிருந்து 2,550 லிட்டர் சிறுநீரைத் திரட்டி, உலர்த்தி, 1975-இல் சிகாகோவுக்குக் கொண்டுபோனார். 1977-இல் கிடைத்தது ஒரு சில மில்லிகிராம்தான். பெயர் தெரியாத அந்த நோயாளிகள் தந்ததிலிருந்துதான் மரபணு ஆய்வும், 1989-இல் சிறுநீரக நோயாளிகளுக்கான மருந்தும் வந்தன. உயிர்வளிக் குறைவைச் செல்கள் எப்படி உணர்கின்றன என்று கண்டறிந்த மூவருக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கட்டளை தெரிந்துவிட்டது. அதைக் கேட்கும் காது பழுதானால்?

1879-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹோய்க் ஒரு விந்தையான நோயை விவரித்தார். மஜ்ஜையில் நார் படிந்து தழும்பேறியிருந்தது; மண்ணீரல் பெரிதாக வீங்கியிருந்தது. மஜ்ஜையில் இடமில்லாமல் போனதால், கருவில் இருந்தபோது செய்த வேலையை மண்ணீரலும் கல்லீரலும் மறுபடி ஏற்றுக்கொள்கின்றன. 1951-இல் டேம்ஷெக், இந்த நோயும் சிவப்பணு அளவுமீறிப் பெருகும் நோயும் உறவுக்காரர்கள் என்றார். அப்போது அதற்குச் சான்று குறைவு. சான்று 2005-இல் வந்தது. எரித்ரோபாய்டின் செல்லின் வெளியே ஒட்டியதும், செய்தியை உள்ளே கடத்துவது ஜாக்2 என்ற புரதம். அதில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் விசை எப்போதும் போட்டபடியே இருக்கும். சிவப்பணு பெருகும் நோயாளிகளில் ஏறக்குறைய எல்லாரிடமும், மஜ்ஜை தழும்பேறியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரிடமும் இந்த மாற்றம் இருந்தது. முதல் வகையினருக்கு எரித்ரோபாய்டின் அளவு குறைவாகவே இருக்கும். சிறுநீரகம் "போதும்" என்று நிறுத்திய பிறகும் மஜ்ஜை நிறுத்தவில்லை என்று பொருள்.

2011-இல் ஜாக் புரதங்களைத் தடுக்கும் ருக்சோலிடினிப் மாத்திரை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மண்ணீரல் சுருங்குகிறது, நோயாளியின் களைப்பும் வியர்வையும் குறைகின்றன. ஆனால் பலருக்கு இரத்தசோகை கூடிவிடுகிறது. ஏனென்றால் மாத்திரை அடைக்கிற அதே வழியில்தான் சிறுநீரகத்தின் கட்டளையும் போயாக வேண்டும்.