ஃப்ளின்ட்: தொழிலாளியின் சாட்சியம்

தொழில் நகரங்களைப் பற்றி நமக்கு இரண்டு விதமான சரித்திரங்கள்தான் கிடைக்கின்றன. ஒன்று முதலாளியின் சாகசக் கதை. மற்றது தொழிலாளி வர்க்கத்தின் வீரக் கதை. இரண்டுமே எழுதச் சுலபமானவை. முடிவு எழுதுகிறவருக்கு முன்னாலேயே தெரியும். அமெரிக்காவின் மத்திய மேற்கில், மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஃப்ளின்ட் என்ற நகரத்தைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் சில வருஷங்களாகப் படித்து வருகிறேன். ஊரைப் பார்த்ததில்லை. படித்த வரையில் அது இந்த இரண்டு கதைகளிலும் அடங்காமல் வெளியே நிற்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்த தகராறில் கூலி ஒரு பகுதிதான். வேலை செய்கிறவன் தன் வேலையைப் பற்றியும் தன் உடம்பைப் பற்றியும் சொல்வதைச் சாட்சியமாக ஏற்றுக்கொள்வார்களா என்ற கேள்வி அதற்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. இதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

ஃப்ளின்ட் ஆற்றங்கரையில் வெள்ளைப் பைன் மரங்களை அறுத்துத் தள்ளிய மர ஆலைகளோடு அவ்வூரின் தொழில் தொடங்கியது. காடு தீர்ந்தது. மரவேலை தெரிந்த கைகள் மிஞ்சின. அவை குதிரை வண்டி செய்யப் போயின. 1886இல் வில்லியம் ட்யூராண்ட் என்ற இளைஞர் தெரிந்தவர் ஒருவருடைய இரு சக்கர வண்டியில் ஏறிப் போனவர், அது குலுங்காமல் ஓடிய விதத்தில் மயங்கி, 1500 டாலருக்கு அதைச் செய்யும் உரிமையை வாங்கிவிட்டார். டல்லஸ் டார்ட் என்பவரோடு சேர்ந்து அவர் நடத்திய கம்பெனி, நூற்றாண்டு முடிவதற்குள் நாட்டின் பெரிய வண்டிக் கம்பெனிகளில் ஒன்றாகிவிட்டது. ஃப்ளின்டுக்கு 'வாகன நகரம்' என்ற பட்டப்பெயர் குதிரை வண்டியால் வந்தது, காரால் அல்ல. 1904இல் ட்யூராண்ட் ப்யூக் கார் கம்பெனியைக் கைக்கொண்டார். 1908 செப்டம்பரில் ஜெனரல் மோட்டார்ஸைத் தொடங்கினார். 1910இல் பாங்குக்காரர்கள் அவரை வெளியேற்றினார்கள். 1911இல் செவ்ரலே கம்பெனியைத் தொடங்கி, அதன் பலத்தில் 1916இல் திரும்ப உள்ளே வந்தார். 1920இல் மறுபடி வெளியே. கடைசிக் காலத்தில் அதே ஃப்ளின்டில் ஒரு பௌலிங் விளையாட்டுக் கூடம் நடத்திக்கொண்டிருந்தார். முதலாளியின் சாகசக் கதை எழுதுகிறவர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அவரை இதோடு விட்டுவிடுகிறேன்.

கவனிக்க வேண்டியது வேறு. 1900இல் அந்த ஊரின் ஜனத்தொகை 13,000. 1910இல் 38,000. 1920இல் 91,000. 1930இல் 1,56,000. முப்பது வருஷத்தில் பன்னிரண்டு மடங்கு. வீடுகள் இல்லை. கூடாரங்களிலும் தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகளிலும் ஆட்கள் குடியிருந்தார்கள். ஒரே கட்டிலில் பகல் ஷிப்டுக்காரன் இரவிலும், இரவு ஷிப்டுக்காரன் பகலிலும் படுத்தான். மிச்சிகனின் பண்ணைகளிலிருந்தும், மிஸ்ஸூரி, ஆர்க்கன்ஸா, டென்னஸி போன்ற இடங்களிலிருந்தும், போலந்து, ஹங்கேரியிலிருந்தும் வந்தவர்கள் இவர்கள். தெற்கிலிருந்து வந்த கறுப்பர்களுக்குக் கிடைத்தவை இரண்டே வேலைகள் என்று சொல்லிவிடலாம்: ப்யூக்கின் வார்ப்புப் பட்டறை, அல்லது துடைப்பம். கம்பெனி கட்டிக் கொடுத்த வீடுகளின் பத்திரங்களிலேயே கறுப்பர் குடியிருக்கக் கூடாது என்ற ஷரத்து இருந்தது. பின்னால் வந்த எந்த வெற்றியையும் இந்த ஷரத்தை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

வண்டி செய்தவனுக்குத் தன் கையால் தடவிப் பார்த்து மரம் சரியில்லை என்று சொல்லும் உரிமை இருந்தது. லைனில் நிற்கிறவனுக்கு அது இல்லை. அவன் முன்னால் கார் நகர்ந்து வருகிறது; இரண்டு மூன்று அசைவுகள்; அடுத்தது வருகிறது. லைனின் வேகத்தை மேலே இருக்கிறவர்கள் கூட்டிக்கொண்டே போனார்கள். 1930களில் ஃப்ளின்ட் தொழிலாளியிடம் என்ன குறை என்று கேட்டால் முதலில் வந்த பதில் இந்த வேகம்தான். மணிக்கூலி அன்றைய நிலையில் மோசமில்லை என்று கம்பெனி சொன்னதில் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால் புது மாடலுக்காக லைனை மாற்றும் மாதங்களில் வேலையும் கிடையாது, கூலியும் கிடையாது. திரும்ப எடுத்துக்கொள்வது ஃபோர்மனின் தயவு. வீடு திரும்பினால் சாப்பிடக்கூடத் தெம்பில்லாமல், விரல்கள் வீங்கிப் படுத்துவிடுகிறான் என்று மனைவிமார்கள் சொன்னார்கள். 1936 ஜூலையில் மிச்சிகனில் கொடும் வெயில் அடித்தது. லைனில் ஆட்கள் மயங்கி விழுந்தார்கள். லைன் நிற்கவில்லை.

இவர்கள் சொல்வதைக் கம்பெனி கேட்கவில்லை என்று எழுத முடியாது. மிகவும் கவனமாகக் கேட்டது, ஒற்றர்களை வைத்து. செனட்டர் லா ஃபாலெட்டின் விசாரணைக் குழு வெளிக்கொண்டுவந்த கணக்குப்படி, 1934 ஜனவரியிலிருந்து 1936 ஜூலை வரையில் துப்பறியும் ஸ்தாபனங்களுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் செலவழித்தது 8,39,000 டாலருக்கு மேல். ஃப்ளின்ட் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்குள்ளேயே ஒற்றர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிரில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினால் செலவில்லாமல் தெரிந்துகொண்டிருக்கக் கூடிய விஷயங்களுக்கு இவ்வளவு பணம். தெரிந்துகொள்வதில் கம்பெனிக்கு ஆட்சேபம் இல்லை. சொல்கிறவனுக்கு அந்தஸ்து கொடுப்பதில்தான் ஆட்சேபம்.

1936 டிசம்பர் 30ஆம் தேதி ஃபிஷர் பாடி இரண்டாம் எண் ஆலையிலும், அன்று இரவு ஒன்றாம் எண் ஆலையிலும் தொழிலாளர்கள் வெளியே போகாமல் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்றாம் ஆலையில் காரின் உடற்பகுதிகளை அழுத்தி எடுக்கும் டைகளைச் சங்கம் வலுவில்லாத ஊர்களுக்கு அனுப்ப ரயிலில் ஏற்றுகிறார்கள் என்ற செய்திதான் உடனடிக் காரணம். நாற்பத்து நாலு நாட்கள். கார் சீட்டுகள் படுக்கையாயின. சமையல் வெளியே நடந்தது. சாப்பாடு ஜன்னல் வழியாக வந்தது. சுத்தம் செய்ய, தீ விபத்தைக் கண்காணிக்க, யந்திரங்களைப் பாதுகாக்க என்று கமிட்டிகள். ஒழுங்கு மீறியவனை விசாரிக்க அவர்களே நடத்திய ஒரு கோர்ட். ஒரு வாத்தியக் கோஷ்டி. தொழிலாளி இலக்கியம் என்ற பெயரில் நான் படித்தவற்றில் வேலைநிறுத்தம் என்றாலே கொடியும் ரத்தமும்தான். காலி ஆலையில் முறை போட்டுப் பெருக்குகிறவன் அதில் இல்லை. எனக்கு அவன்தான் முக்கியமாகப் படுகிறான். அந்தத் தரையில் தன் இஷ்டப்படி நடக்க அவனுக்கு முதல் தடவையாக நேரம் கிடைத்திருக்கிறது.

ரத்தமும் இல்லாமல் இல்லை. ஜனவரி 11 அன்று இரண்டாம் ஆலையில் வெப்பத்தை நிறுத்திவிட்டு, சாப்பாட்டை மறித்துவிட்டு, போலீஸ் கண்ணீர்ப் புகை குண்டு வீசியது. உள்ளே இருந்தவர்கள் தீயணைக்கும் குழாயால் உறைகுளிரில் தண்ணீரைப் பீய்ச்சினார்கள்; கனமான கார்க் கதவுக் கீல்களை எறிந்தார்கள். காற்று திரும்பிப் புகை போலீஸ் மீதே போயிற்று. பின்வாங்கிய போலீஸ் சுட்டதில் பத்துப் பேருக்கு மேல் காயப்பட்டார்கள். அதற்கு முன்பே ஒரு நீதிபதி ஆலையைக் காலி செய்யும்படி உத்தரவு போட்டிருந்தார். அவரிடம் ஜெனரல் மோட்டார்ஸ் பங்குகள் 3,365 இருந்தன என்பதைச் சங்கத்தார் கண்டுபிடித்து வெளியிட்டதும் அந்த உத்தரவு செல்லாக் காசாகிவிட்டது.

பிப்ரவரி 1ஆம் தேதி நடந்ததுதான் தீர்மானமான காரியம். செவ்ரலே ஒன்பதாம் எண் ஆலையைப் பிடிக்கப் போவதாகச் சங்கம் வேண்டுமென்றே செய்தியைக் கசிய விட்டது. ஒற்றர்கள் வழக்கம்போல் கொண்டு போய்ச் சேர்த்தார்கள். காவலாளிகள் அங்கே குவிந்திருக்கும்போது நாலாம் எண் ஆலை பிடிபட்டது. செவ்ரலே கார்களுக்கு எஞ்சின் செய்யும் ஆலை அது. அதன் பிறகு கம்பெனிக்கு வேறு வழியில்லை. பிப்ரவரி முதல் பத்து நாட்களில் நாடு முழுவதும் ஜெனரல் மோட்டார்ஸ் செய்து முடித்த கார்கள் 151. நேஷனல் கார்டு படையை ஊருக்குள் நிறுத்தியிருந்த கவர்னர் ஃப்ராங்க் மர்ஃபி, அதை வைத்துத் தொழிலாளர்களை விரட்டச் சம்மதிக்கவில்லை. பிப்ரவரி 11 அன்று ஒப்பந்தம். ஒரே ஒரு பக்கம். பதினேழு ஆலைகளில் ஆறு மாதத்துக்குச் சங்கத்தோடு பேசுவோம் என்று கம்பெனி ஒத்துக்கொண்டது. பேசுவோம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நாற்பத்து நாலு நாள்.

கேட்கப்படுவதற்காகப் போராடியவர்கள் மற்றவர்களைக் கேட்டார்களா என்றும் பார்க்க வேண்டும். ஆலையில் வேலை செய்த பெண்களை முதல் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊர் தப்பாகப் பேசும் என்று பயம். ஜெனோரா ஜான்ஸன் என்ற 23 வயதுப் பெண் ஜனவரி 11 இரவில் ஒலிபெருக்கி வண்டியில் ஏறி ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டார்; பிறகு சிவப்புத் தொப்பி அணிந்த பெண்கள் படை ஒன்றைத் திரட்டினார். ஒன்பதாம் ஆலையின் உள்ளே புகையில் திணறியவர்களுக்காக ஜன்னல்களை உடைத்தது அந்தப் படை. நாற்பது வருஷம் கழித்து, 1977இல் நடந்த ஆண்டு விழாவில் இதே பெண்கள் தங்களுக்கும் மேடை வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டியிருந்தது. 1978இல் வந்த 'வித் பேபீஸ் அண்ட் பேனர்ஸ்' என்ற டாக்குமெண்டரியில் அவர்களுடைய வார்த்தைகள் பதிவாகியிருக்கின்றன.

1937இன் கோரிக்கைகளில் ஒன்று, லைனின் வேகத்தை இரு தரப்பும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும் என்பது. அது கிடைக்கவில்லை. 1950இல் கையெழுத்தான ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் பென்ஷன் கிடைத்தது, விலைவாசியோடு ஏறும் கூலி கிடைத்தது. எதை, எங்கே, எந்த வேகத்தில் செய்வது என்பது கம்பெனியிடமே தங்கிவிட்டது. தொழிலாளி சொந்த வீடு வாங்கினான், பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பினான். வசதியான நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இதை இளப்பமாகப் பேச எனக்கு அருகதை இல்லை. ஆனால் விற்கப்பட்டது என்ன என்பதை லைனில் நின்ற ஒருவரே எழுதியிருக்கிறார். பென் ஹாம்ப்பர், மோட்டார்த் தொழிலாளிக் குடும்பத்தில் பிறந்து, 1977இல் ஃப்ளின்ட் டிரக் ஆலையில் சேர்ந்தவர். உள்ளூர்ச் சிறு பத்திரிகை ஒன்றில் எழுதத் தொடங்கி, 1991இல் 'ரிவெட்ஹெட்' என்ற புத்தகத்தைக் கொண்டுவந்தார். அதில் வர்க்க எழுச்சி கிடையாது. கடிகாரத்தோடு ஒருவன் நடத்தும் மல்யுத்தம்தான். தரத்தை வலியுறுத்தக் கம்பெனி ஒரு ஆளுக்குப் பூனை வேஷம் போட்டு ஆலைக்குள் நடமாட விட்டதை அவர் எழுதுகிறார். வேலை தெரிந்தவனைத் தரம் பற்றிக் கேட்கத் தோன்றாத நிர்வாகத்துக்குப் பூனை தோன்றியிருக்கிறது.

பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். 1978இல் அந்த வட்டாரத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் வேலை கொடுத்தது சுமார் 80,000 பேருக்கு. பின்னால் அது பத்தாயிரத்துக்கும் கீழே போயிற்று. 1984இல் 'ஆட்டோ வேர்ல்ட்' என்ற பொழுதுபோக்குக் கூடத்தைத் திறந்தார்கள். தன் வேலையைப் பிடுங்கப் போகும் ரோபோவைக் கொஞ்சிப் பாடும் தொழிலாளிப் பொம்மை ஒன்று அதில் இருந்தது. கூடம் ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. 1999இல் ப்யூக் ஆலை மூடப்பட்டது. 1960இல் 1,97,000 பேர் இருந்த ஊரில் 2020இல் 81,000 பேர்.

2014 ஏப்ரலில், மாநிலம் நியமித்த அவசர நிர்வாகியின் கீழ், செலவைக் குறைப்பதற்காக ஊரின் குடிநீரை ஃப்ளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிக்காமலிருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. ஈயம் தண்ணீரில் இறங்கியது. ஜனங்கள் பழுப்பு நிறத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கூட்டங்களுக்கு எடுத்து வந்தார்கள். தோலில் தடிப்பு, முடி உதிர்கிறது என்றார்கள். தண்ணீர் நல்ல தண்ணீர்தான் என்று பதில் வந்தது. அந்த அக்டோபரில், ஊரில் மிஞ்சியிருந்த எஞ்சின் ஆலை, ஆற்றுத் தண்ணீரில் எஞ்சின் பாகங்கள் அரிக்கின்றன என்று சொல்லி அனுமதி பெற்று ஹ்யூரன் ஏரித் தண்ணீருக்கு மாறிக்கொண்டது. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருக்கிறது என்பதை மோனா ஹன்னா-அட்டிஷா என்ற டாக்டர் கணக்கோடு காட்டிய பிறகு, 2015 அக்டோபரில்தான் ஊருக்கு அந்த ஏரித் தண்ணீர் திரும்பியது. நடுவில் ஒரு வருஷம் ஓடிவிட்டது.

அந்த ஒரு வருஷத்தைப் படித்தபோது எனக்கு 1937இன் நாலாம் எண் ஆலைதான் ஞாபகம் வந்தது. ஒன்பதாவதை விட்டு நாலாவதைப் பிடித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது: வெயிலில் விழுந்தவன் சொல்லி நிற்காத லைன், எஞ்சின் இல்லையென்றால் நின்றுவிடும். இரும்புக்குக் கிடைக்கிற செவி மனிதனுக்குக் கிடைக்காது என்பதைக் கணக்கில் வைத்துத்தான் அவர்கள் ஜெயித்தார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகளின் கையில் பாட்டில் இருந்தது, எஞ்சின் இருக்கவில்லை.